கையொப்பமும் சாட்சியமும்: விக்டோரியா காலத்துச் செய்தித்தாள் மதிப்புரைகள்

விக்டோரியா காலத்து ஆங்கிலச் செய்தித்தாள்களில் வெளிவந்த நூல் மதிப்புரைகளையும் நாடக விமர்சனங்களையும் பற்றிய வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் எழுதப்பட்டுவந்திருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாமே பெயரில்லாமல் அச்சாயின. பெயரில்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. அந்த மறைவில் நின்றுகொண்டு வேண்டியவர்களைத் தூக்கிவிடவும் வேண்டாதவர்களைக் கவிழ்க்கவும் முடிந்தது. பிறகு 1865இல் 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ' கட்டுரையாளரின் பெயரை அச்சிடுவதையே கொள்கையாகக் கொண்டு புறப்பட்டது. 1867இல் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்த ஜான் மார்லி பெயரில்லா இதழியலை எதிர்த்து வாதாடினார். 1890களில் வில்லியம் ஆர்ச்சரும் பெர்னார்ட் ஷாவும் தத்தம் அடையாளத்தோடு எழுதியபோது விமர்சனம் தலைநிமிர்ந்தது. இப்படிப் போகிறது அந்த வரலாறு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்து இதழ்களை வரிசையாக எடுத்து வாசித்தால் நல்ல மதிப்புரைக்கும் கெட்ட மதிப்புரைக்கும் நடுவே ஓடும் கோடு வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது. எழுதியவர் பெயரைப் போட்டாரா என்பதைவிட, புத்தகத்தில் என்ன இருந்தது, மேடையில் என்ன நடந்தது என்பதை வாசகர் சரிபார்த்துக்கொள்ளும் விதத்தில் முதலில் சொன்னாரா என்பதுதான் அந்தக் கோடு. சாட்சியம் சொல்லிவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் பெயரில்லாமலேயே நிலைத்திருக்கிறார்கள். சாட்சியம் இல்லாமல் தீர்ப்பு மட்டும் சொன்னவர்கள், ஊருக்கெல்லாம் தெரிந்த பெயராக இருந்தும் நிலைக்கவில்லை.

இந்த எழுத்து எந்தச் சூழலில் பெருகியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1836இல் செய்தித்தாள் முத்திரை வரி 4 பென்னியிலிருந்து 1 பென்னியாகக் குறைக்கப்பட்டது. 1853இல் விளம்பர வரியும், 1855இல் முத்திரை வரியும், 1861இல் காகித வரியும் நீக்கப்பட்டன. 1855இல் தொடங்கிய 'டெய்லி டெலிகிராஃப்' அதே ஆண்டில் ஒரு பென்னி விலைக்கு வந்தது. பத்திரிகை மலிந்துவிட்டது, புத்தகம் மலியவில்லை. மூன்று பாகங்களாக வரும் புதிய நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்னி. நடுத்தரக் குடும்பங்கள்கூட அதை விலை கொடுத்து வாங்குவது அரிது. 1842இல் சார்லஸ் மூடி தொடங்கிய இரவல் நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் சந்தா கட்டி, ஒவ்வொரு பாகமாக எடுத்து வந்து படித்தார்கள். வாங்கவும் முடியாது, கடையில் புரட்டிப் பார்க்கவும் வழியில்லை என்ற நிலையில் இருந்த வாசகர்கள் எந்தப் புத்தகத்தை இரவல் கேட்பது என்று முடிவுசெய்ய நம்பியது மதிப்புரையைத்தான். அன்றைய மதிப்புரைகளில் பத்தி பத்தியாக மேற்கோள்கள் நிறைந்திருப்பதற்கு இதுவே முதல் காரணம். இன்று வாசிப்பவருக்கு இடம் நிரப்பும் வேலையாகத் தோன்றக்கூடும். பலமுறை அப்படித்தான் இருந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. அவசரத்தில் இருந்த உதவி ஆசிரியருக்குக் கத்தரிக்கோலைவிடச் சுலபமான கருவி கிடையாது. ஆனாலும் மேற்கோள் அச்சில் இருக்கும்வரை மதிப்புரையாளரின் தீர்ப்பை மறுத்துச் சொல்லும் வாய்ப்பு வாசகர் கையிலேயே இருந்தது. 'நடை மோசம்' என்று எழுதிவிட்டு அடியில் அந்த நடையிலேயே நாற்பது வரியைத் தந்தால், மோசமா இல்லையா என்பதை வாசகர் தாமே பார்த்துக்கொள்வார்.

'அத்தீனியம்' வார இதழின் கதை இதைத் தெளிவாக்குகிறது. 1828இல் தொடங்கிய அந்த இதழ் 1830இல் சார்லஸ் வென்ட்வொர்த் டில்க்கின் கைக்கு வந்தது. அப்போது லண்டன் பதிப்பகங்களில் கொடிகட்டிப் பறந்தவர் ஹென்றி கோல்பர்ன். தாம் பதிப்பிக்கும் நாவல்களைப் பற்றிய புகழுரைகளைச் செய்திபோல் தோற்றம் தரும்படி பத்திரிகைகளில் இடம்பெறச் செய்வதில் அவர் வல்லவர். 'லிட்டரரி கெஜட்' இதழில் அவருக்குப் பங்கும் இருந்தது. டில்க் இந்தப் புகழுரை வாணிபத்தை எதிர்த்துத் தம் இதழில் விடாமல் எழுதினார். எழுத்தாளர்களோடும் பதிப்பாளர்களோடும் நெருங்கிப் பழகினால் தீர்ப்புக் கோணிவிடும் என்று விருந்துகளையே தவிர்த்தார். 1831இல் இதழின் விலையை 8 பென்னியிலிருந்து 4 பென்னியாகப் பாதிக்குப் பாதி குறைத்தார். விளம்பரதாரரின் தயவைவிட வாசகரின் எண்ணிக்கையை நம்பிய முடிவு அது. இதழ் பிழைத்தது, செல்வாக்கும் பெற்றது. இத்தனைக்கும் டில்க்கின் இதழில் மதிப்புரையாளர் யாரும் பெயர் போட்டு எழுதவில்லை. அக்காலத்தில் மதிப்புரைத் துறையில் நடந்த மிக முக்கியமான ஒழுக்கச் சீர்திருத்தம் பெயரில்லாமை என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே நடந்து முடிந்தது என்பதைக் கையொப்பக் கட்சியினர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

'அத்தீனியம்' அலுவலகப் பிரதிகளில் ஒவ்வொரு மதிப்புரையின் ஓரத்திலும் எழுதியவரின் பெயரைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பு இன்று லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுதான் ஜெரால்டின் ஜூஸ்பரி என்ற நாவலாசிரியர் 1849 முதல் 1880 வரை அந்த இதழுக்கு 2,000க்கும் மேற்பட்ட மதிப்புரைகள் எழுதியிருக்கிறார் என்பது தெரியவந்தது. பிற்காலத்தில் அகஸ்டா வெப்ஸ்டர், மத்தில்ட் பிளைண்ட் போன்ற பெண் கவிஞர்களும் அங்கே எழுதினார்கள். 1870க்குப் பிறகு அந்த இதழில் பெண்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை மரிசா டெமூர் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். பெண் எழுதினாள் என்று தெரிந்தாலே எழுத்தைப் பெண்மையின் அளவுகோலால் அளந்துவிடும் காலம் அது. ஷார்லட் பிராண்டியும் ஜார்ஜ் எலியட்டும் ஆண்பெயரைப் பூண்டதும் அதனால்தான். அந்தக் காலத்தில் பெயரில்லாமை ஒரு பெண்ணுக்கு, ஆண்களின் நாவல்களைச் சரிசமமாக நின்று எடைபோடும் அதிகாரத்தைக் கொடுத்தது. கையொப்பத்தை நேர்மையோடு ஒன்றாக்கிப் பேசும்போது இந்தப் பக்கம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஒரு மதிப்புரையை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1871 மார்ச்சில் டின்ஸ்லி பிரதர்ஸ், 'டெஸ்பரேட் ரெமெடீஸ்' என்ற மூன்று பாக நாவலை ஆசிரியர் பெயரில்லாமல் வெளியிட்டார்கள். அதை எழுதியவர் தாமஸ் ஹார்டி. அச்சுச் செலவுக்கு ஈடாகத் தம் கையிலிருந்து 75 பவுண்ட் கட்டியிருந்தார். ஏப்ரல் 22ஆம் தேதி 'ஸ்பெக்டேட்டர்' இதழில் வந்த மதிப்புரை, இப்படியொரு கதைக்குப் பெயர் போடாமல் விட்டதே நல்லது என்ற தொனியில் தொடங்கியது. மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தையைச் சுற்றிக் கதை பின்னியதைக் கடுமையாகக் கண்டித்தது. வீட்டுக்கு நடந்து போகும் வழியில் வேலிப்படியில் உட்கார்ந்து அதை வாசித்ததாகவும், செத்துப்போனால் தேவலை என்று அப்போது தோன்றியதாகவும் ஹார்டியின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. சில வாரங்களில் எக்ஸிடர் ரயில் நிலையத்தில், ஸ்மித் நூலகத்தின் கழிவு விலைப் பட்டியலில் மூன்று பாகமும் சேர்த்து 2 ஷில்லிங் 6 பென்னிக்குத் தம் நாவல் கிடப்பதை அவர் கண்டார். பெயரில்லா மதிப்புரையின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாக இந்தச் சம்பவத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

ஆனால் அந்த மதிப்புரையின் மறுபாதியையும் வாசிக்க வேண்டும். கதையைக் கண்டித்த அதே மனிதர், கிராமத்து மனிதர்களை, அவர்களுடைய பேச்சை, அன்றாட வேலையைப் பிடித்துக் காட்டுவதில் இந்த ஆசிரியருக்கு அபூர்வமான திறமை இருக்கிறது என்றும் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், ஆப்பிள் பிழிந்து மது எடுக்கும் காட்சியை நாவலிலிருந்து நீளமாக எடுத்துப்போட்டார். மற்ற மதிப்புரையாளர்களும் அந்தக் கிராமத்துப் பகுதிகளையே பாராட்டினார்கள். ஹார்டி அடுத்துப் பதிப்பித்த நாவல் 1872இல் வந்த 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ'; முழுக்க முழுக்க அந்தக் கிராமத்து மனிதர்களைப் பற்றியது. ஒழுக்கத்தைப் பற்றிய அந்தத் தீர்ப்பை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். எடுத்துப்போட்ட பத்திகள் சரியான பத்திகள் என்பதை ஹார்டியின் எஞ்சிய படைப்புகள் முழுவதும் உறுதிசெய்கின்றன. ஒரே கட்டுரைக்குள் தீர்ப்பு பொய்த்தது, சாட்சியம் பொய்க்கவில்லை. கீழே பெயர் அச்சிடப்பட்டிருந்தால் இந்த இரண்டில் எது மாறியிருக்கும்? கண்டனம் சற்று மென்மையாகியிருக்கலாம், கண்டது அதேதான்.

நாடகத்துக்கு வரும்போது இந்த வாதம் இன்னும் கனம் பெறுகிறது. மோசமாக மதிப்புரை பெற்ற நாவல் அலமாரியில் இருக்கிறது, ஐம்பது ஆண்டு கழித்து எடுத்து வாசித்துத் திருத்திக்கொள்ளலாம். மேடையேற்றம் அப்படியில்லை. ஒலிப்பதிவோ படப்பிடிப்போ இல்லாத காலத்தில் ஒரு நடிகர் எப்படி நடந்தார், எந்தச் சொல்லில் நிறுத்தினார் என்பதற்குப் பார்த்தவர் எழுதி வைத்ததைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. அந்த எழுத்தும் எத்தகைய நெருக்கடியில் பிறந்தது! புதிய நாடகத்தின் முதல் நாள் காட்சி நள்ளிரவை ஒட்டி முடியும். நாளிதழ் விமர்சகர் நேரே ஃப்ளீட் தெருவுக்குப் போய், அச்சுக்கோப்பவர் பக்கம் பக்கமாக வாங்கிக்கொண்டு போகப் போக எழுதி முடிக்க வேண்டும். காலையில் அது வாசகர் மேசையில் இருக்கும். வார இதழ்க்காரருக்குச் சில நாட்கள் அவகாசம் உண்டு. அக்காலத்தின் சிறந்த நாடக எழுத்து பெரும்பாலும் வார இதழ்களில் வந்ததற்கு அந்த அவகாசமும் ஒரு காரணம்.

'எக்ஸாமினர்' வார இதழில் 1851 முதல் 1866 வரை ஹென்றி மார்லி எழுதிய குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். ஜான் மார்லிக்கும் இவருக்கும் உறவில்லை. இவர் பிறகு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இலக்கியப் பேராசிரியர் ஆனவர். இஸ்லிங்டனில், நகரத்துப் பகட்டுக்கு ஒதுங்கியிருந்த சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்தை 1844இலிருந்து சாமுவேல் ஃபெல்ப்ஸ் நடத்திவந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் 30க்கும் மேற்பட்டவற்றை அங்கே மேடையேற்றினார். 1853இல் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நடந்தபோது மார்லி போய்ப் பார்த்தார். கனவுக் காட்சிகள் முழுவதிலும் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே பச்சை நிற மெல்லிய வலைத்துணி ஒன்று தொங்கவிடப்பட்டிருந்ததை அவர் குறித்தார். அதன் வழியே பார்க்கும்போது உருவங்களின் விளிம்புகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்ததையும், காட்சிகள் வெட்டுத் தெரியாமல் நழுவி மாறியதையும் எழுதினார். பாட்டம் என்ற பாத்திரமாக நடித்த ஃபெல்ப்ஸ் கழுதைத் தலை மாட்டியதும் கோமாளித்தனத்தைக் கூட்டாமல், கனவு காண்பவரைப்போல் அடங்கிப் பேசினார் என்றும், விழித்தெழும்போது அந்தக் கனவு நழுவிப் போவதைக் கையாலும் குரலாலும் காட்டினார் என்றும் எழுதினார். இன்றைக்கு ஃபெல்ப்ஸின் அந்த மேடையேற்றத்தைப் பற்றிப் பேசுகிற எந்த வரலாற்றாசிரியரும் மார்லியின் பத்திகளில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வாரந்தோறும் அவை வெளிவந்தபோது பெயர் கிடையாது. 1866இல் தொகுத்து நூலாக்கியபோதுதான் பெயர் சேர்ந்தது. பெயர் சேர்ந்ததால் பச்சை வலைத்துணி கூடுதல் உண்மையாகிவிடவில்லை.

இதே 'எக்ஸாமினர்' இதழில் மார்லிக்கு முன்பு எழுதியவர் ஜான் ஃபார்ஸ்டர். பெயரில்லா விமர்சனத்தின் மீது வைக்கப்படும் மிகக் கூர்மையான குற்றச்சாட்டு இவரைப் போன்றவர்களைப் பற்றியது: நண்பர்களுக்காக எழுதினார்கள் என்பது. நடிகர் மக்ரெடிக்கு ஃபார்ஸ்டர் நெருங்கிய நண்பர். டிக்கன்ஸுக்கு இன்னும் நெருக்கம். இருவரையும் பற்றி அவரே எழுதினார். 'டெலிகிராஃப்' நாளிதழில் நாடகக் குறிப்பு எழுதிய ஈ. எல். பிளான்சர்ட், ட்ரூரி லேன் அரங்கத்துக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பாண்டமைம் எழுதிக் கொடுத்தவர். 'டைம்ஸ்' விமர்சகர் ஜான் ஆக்ஸன்ஃபோர்டே நாடகாசிரியர். நடிகர் ஒருவர் புகார்க் கடிதம் எழுதியதும், இத்தகைய கடிதங்கள் வரும்படி இனி எழுத வேண்டாம் என்று ஆசிரியர் டிலேன் அவரிடம் சொல்லிவிட்டதாகவும், அதிலிருந்து அவர் யாரையும் நோகடிக்காமலே எழுதிவந்ததாகவும் ஒரு கதை உண்டு. 'லீடர்' இதழில் விவியன் என்ற புனைபெயரில் விமர்சித்த ஜி. எச். லூயிஸ், ஸ்லிங்ஸ்பி லாரன்ஸ் என்ற இன்னொரு புனைபெயரில் லைசியம் அரங்கத்துக்கு நாடகம் தழுவி எழுதினார். ஹார்டிக்கும் இப்படி ஒரு நண்பர் இருந்தார்: 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் 'டெஸ்பரேட் ரெமெடீஸ்' நாவலுக்குப் பெயரில்லாமல் ஆதரவாக எழுதியவர் ஹொரேஸ் மூல். இத்தனை பிணைப்புகளை வைத்துக்கொண்டு அந்தச் சாட்சியத்தை எப்படி நம்புவது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

இதற்கு என் பதில், பிணைப்பு முதலில் கெடுப்பது தீர்ப்பைத்தான் என்பது. 1838 ஜனவரியில் மக்ரெடி கோவன்ட் கார்டனில் 'கிங் லியர்' நாடகத்தை மேடையேற்றினார். 1681இல் நேயம் டேட் திருத்தி எழுதிய வடிவமே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மேடையை ஆண்டுகொண்டிருந்தது. அதில் விதூஷகனுக்கு இடமில்லை. மக்ரெடி அவனைத் திரும்பக் கொண்டுவந்து, பிரிசில்லா ஹார்ட்டன் என்ற இளம் நடிகையை அந்த வேடத்தில் நிறுத்தினார். அதைப் பற்றி 'எக்ஸாமினர்' இதழில் வந்த கட்டுரை, விதூஷகன் இல்லாத லியர் ஏன் பாதி லியர் என்பதைக் காட்சி காட்சியாக எடுத்துக் காட்டியது. நெடுங்காலம் அது டிக்கன்ஸ் எழுதியதாகவே கருதப்பட்டது. ஃபார்ஸ்டருடையது என்று ஆய்வாளர்கள் பின்னால்தான் நிறுவினார்கள். நண்பர் எழுதியது என்று தெரிந்த பிறகு புகழ்ச்சியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறோம். விதூஷகனின் வருகை லியரின் துயரத்தை எப்படி மாற்றியது என்ற விளக்கத்தில் கழிக்க எதுவும் இல்லை. ஆக்ஸன்ஃபோர்டின் குறை வேறு வகையானது. யாரையும் நோகடிக்கக் கூடாது என்ற ஏற்பாடு அவரிடமிருந்து பறித்தது கண்டனத்தை மட்டுமல்ல, நடிப்பைக் கூர்ந்து பார்த்து எழுதுவதையும்தான். யாரைப் பற்றியும் எதையும் நுணுக்கிச் சொல்லாவிட்டால் யாரும் நோக மாட்டார்கள். நட்பைவிட இந்த மழுப்பல் அதிகக் கேடு செய்தது என்றே நினைக்கிறேன்.

இன்னோர் ஆட்சேபம் கோட்பாட்டு வகைப்பட்டது. கதையைச் சொல்வதும் காட்சியை விவரிப்பதும் விமர்சனமாகிவிடுமா? விவரிப்பே ஒரு சார்புதானே. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வில் தீர்ப்பு ஒளிந்திருக்கிறதே? ஒளிந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் தேர்வில் ஒளிந்திருக்கும் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கலாம். வெறும் அடைமொழியைச் சோதிக்க முடியாது. இந்த வேறுபாட்டை ஆங்கில நீதிமன்றமே அக்காலத்தில் வரையறுத்துவிட்டது. ஹெர்மன் மெரிவேலும் அவர் மனைவியும் சேர்ந்து எழுதிய 'தி விப் ஹேண்ட்' நாடகத்தைப் பற்றி 'தி ஸ்டேஜ்' இதழ் எழுதிய விமர்சனம், அதன் கதை கள்ள உறவைச் சுற்றியது என்று பொருள்படும்படி அமைந்தது. நாடகத்தில் அப்படி எதுவும் இல்லை. தம்பதியர் இதழாசிரியர் கார்சன் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். ஜூரி கொடுத்த இழப்பீடு ஒரே ஒரு ஷில்லிங். 1887இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. கருத்து எவ்வளவு மிகையானதாக, பிடிவாதமானதாக இருந்தாலும் நேர்மையான ஒருவர் கொண்டிருக்கக்கூடிய கருத்தாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றார் எஷர் பிரபு. நூலில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது விமர்சனத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்றார் நீதிபதி போவன். பெயர் போட்டாயா என்று அவர்கள் கேட்கவில்லை. பொருளை உள்ளபடி சொன்னாயா என்றுதான் கேட்டார்கள். ஒரு ஷில்லிங் அற்பத் தொகை. அதை வாங்கிக் கொடுத்த வாதம், மதிப்புரை என்ற வடிவத்தைப் பற்றி அந்த நூற்றாண்டில் சொல்லப்பட்ட மிகத் தெளிவான சொற்களில் ஒன்று.

நான்கு ஆண்டுகளுக்குள் அந்த எல்லையை லண்டன் பத்திரிகைகள் கூட்டமாகவே மறந்த நாள் வந்தது. 1891 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. இப்ஸனின் 'கோஸ்ட்ஸ்' நாடகத்துக்குப் பொது மேடையில் உரிமம் கிடைக்காது என்பதால், ஹாலந்தில் பிறந்த ஜே. டி. கிரெய்ன், இன்டிபென்டன்ட் தியேட்டர் என்ற சந்தாதாரர் அமைப்பை உருவாக்கி, சோஹோவின் ராயல்டி அரங்கத்தில் தனிக் காட்சியாக நடத்தினார். மறுநாள் 'டெய்லி டெலிகிராஃப்' தலையங்கம் அந்த நாடகத்தைத் திறந்த சாக்கடைக்கும் கட்டுப் போடாத புண்ணுக்கும் ஒப்பிட்டது. அந்த நாளிதழின் நாடக விமர்சகர் கிளமென்ட் ஸ்காட். பெயர் அச்சிடப்படாவிட்டாலும் எழுதியது யாரென்று நாடகம் பார்க்கும் லண்டனுக்குத் தெரியும். பெயரில்லாமை அவர் விஷயத்தில் வெறும் சம்பிரதாயம். மற்ற நாளிதழ்களும் வார இதழ்களும் வசைச்சொல் தேடுவதில் ஒன்றையொன்று முந்தின. அந்தக் குவியலை வாசித்தால் ஆல்விங் அம்மையாராக நடித்தவர் கடைசிக் காட்சியில் என்ன செய்தார், நாற்காலி எங்கே இருந்தது, அரங்கம் எப்போது உறைந்தது என்பதற்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. இங்கிலாந்தின் நாடக வரலாற்றில் அவ்வளவு முக்கியமான ஓர் இரவைப் பற்றி அங்கே உட்கார்ந்திருந்த விமர்சகர்கள் நமக்கு விட்டுச்சென்றது அவர்களுடைய அருவருப்பை மட்டுமே. இதை நினைக்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆர்ச்சர் இதற்குக் கொடுத்த பதிலின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 8ஆம் தேதி 'பால் மால் கெஜட்' இதழில் அவர் ஒரு தொகுப்பை வெளியிட்டார்: ஒவ்வொரு பத்திரிகையும் பயன்படுத்திய வசைகளை, இதழின் பெயரோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். பழைய மேற்கோள் முறைதான். அரை நூற்றாண்டாக மதிப்புரையாளர்கள் நூல்களுக்குச் செய்ததை ஆர்ச்சர் மதிப்புரையாளர்களுக்கே செய்தார். அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்து வைத்தார், வாசகர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஷா இப்ஸனைப் பற்றிய தம் நூலில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தியதும் அது நிலைபெற்றுவிட்டது. இப்ஸனை மொழிபெயர்த்தவரே ஆர்ச்சர்தான், அவரும் ஒரு கட்சிக்காரர்தானே என்று சொல்லலாம். உண்மை. அவருடைய கட்சிச் சார்பு பட்டியலில் ஒரு சொல்லையும் மாற்றிவிடவில்லை.

ஸ்காட்டை வெறும் வில்லனாக்கிவிடுவதும் தவறு. ஹென்றி இர்விங்கின் லைசியம் மேடையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் அவர் எழுதிய குறிப்புகள் 1896இல் நூலாயின. நடிகரின் நடையையும் இடைநிறுத்தத்தையும் வெளிச்சத்தையும் பார்த்தபடி எழுதிய இடங்களில் அவர் இன்றும் பயன்படுகிறார். தாம் நேசித்த மேடையைக் கண் திறந்து பார்த்தார். வெறுத்த மேடையைப் பார்க்கவே மறுத்துவிட்டார். 1897 இறுதியில் வெளிவந்த ஒரு நேர்காணலில் நடிகைகளின் ஒழுக்கத்தைப் பொத்தாம் பொதுவாக இழித்துப் பேசியதும் எழுந்த எதிர்ப்பில் அவருடைய செல்வாக்கு சரிந்தது, 1898இல் 'டெலிகிராஃப்' வேலையும் போயிற்று. அங்கே அவர் சொன்னது அவருடைய சொந்தப் பெயரில்தான் வந்தது.

அப்படியானால் ஷாவின் கதை என்ன? 1895 ஜனவரியிலிருந்து 1898 மே வரை ஃபிராங்க் ஹாரிஸ் ஆசிரியராக இருந்த 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஜி. பி. எஸ். என்ற மூன்றெழுத்தோடு அவர் எழுதினார். கையொப்பத்தின் வெற்றிக்கு இதைவிடப் பெரிய சான்று உண்டா என்று கேட்பார்கள். ஷாவின் பாரபட்சம் ஊரறிந்தது. இர்விங்கின் லைசியத்தின் மீது படையெடுப்பதையே வேலையாக வைத்திருந்தார்; மேடையைத் தம் நாடகங்களுக்காகத் தயார்செய்துகொண்டிருந்தார். கையொப்பம் அவரை நடுநிலையாக்கவில்லை. பிறகு எது அவரை இன்றும் வாசிக்க வைக்கிறது? 1895 ஜூனில் சாரா பெர்னார்டும் எலியனோரா டூஸேயும் ஒரே வாரத்தில் லண்டனில் சூடர்மனின் 'மாக்டா' வேடத்தை நடித்தார்கள். பெர்னார்டின் ஒப்பனை, பழக்கப்பட்ட கவர்ச்சி, ஒவ்வொரு வேடத்திலும் தன்னையே காட்டும் தந்திரம் எல்லாவற்றையும் ஷா எடுத்துக் காட்டினார். பிறகு டூஸே. தன் குழந்தையின் தந்தையை ஆண்டுகள் கழித்து மாக்டா சந்திக்கும் காட்சி. பூங்கொத்தோடு வந்தவரைப் பார்த்து, சமாளித்துக்கொண்டு உட்கார்ந்து, இப்போது எவ்வளவு மாறியிருக்கிறார் என்று மெல்ல நிமிர்ந்து பார்க்கிறபோது டூஸேயின் முகம் சிவக்கத் தொடங்கியது. அதை அவர் மறைக்க முயன்றார், இன்னும் சிவந்தது, கடைசியில் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். இது நடிப்பா, ஒவ்வொரு இரவும் தானாக வருமா என்று தொழில் ஆர்வத்தோடு ஷா வியந்தார். டூஸேதான் உயர்ந்தவர் என்ற அவருடைய தீர்ப்பை நாம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அந்த முகம் சிவந்தது நமக்குக் கிடைத்துவிட்டது. மார்லி பச்சை வலைத்துணியைப் பார்த்ததும் ஷா இந்தச் சிவப்பைப் பார்த்ததும் ஒரே வேலை. ஒருவருக்குப் பெயர் இல்லை, ஒருவருக்கு மூன்றெழுத்து.

இனி என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. மார்லி, லூயிஸ், ஷா எல்லோரும் தொகுப்பாக வந்து பிழைத்தவர்கள். நாள்தோறும் அச்சாகிக் காணாமல்போன ஆயிரக்கணக்கான குறிப்புகளை வாசிக்காமல், பிழைத்த சிலரைக் கொண்டு ஒரு காலத்தை அளப்பது சரியா? சரியில்லைதான். இந்தத் துறையின் ஆராய்ச்சிக் கருவிகளே அப்படி அமைந்துவிட்டன. 1966 முதல் 1989 வரை ஐந்து தொகுதிகளாக வந்த 'வெல்லஸ்லி இண்டெக்ஸ்' பெயரில்லாக் கட்டுரையாளர்களைப் பெருமளவில் அடையாளம் காட்டியது. ஆனால் அது கவனித்தது மாத இதழ்களையும் காலாண்டிதழ்களையும். செய்தித்தாள்கள் அதற்குள் வரவில்லை. பெரிய எழுத்தாளர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர்கள் காலத்து மதிப்புரைகளைத் திரட்டும் தொகைநூல்கள், பிற்காலம் பெரியவர் என்று ஒப்புக்கொண்டவருக்கு மட்டுமே இடம் தருகின்றன. ஜூஸ்பரி எழுதிய 2,000 மதிப்புரைகளில் பெரும்பகுதி இன்று யாரும் வாசிக்காத நாவல்களைப் பற்றியது. பெயரை அடையாளம் காண்பதில் காட்டிய உழைப்பை, அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று வகைப்படுத்துவதில் ஆய்வாளர்கள் இன்னும் காட்டவில்லை என்பது என் குறை.

அந்த வேலைக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது. 2011இலிருந்து பிரிட்டிஷ் செய்தித்தாள் களஞ்சியம் பழைய இதழ்களை இணையத்தில் பக்கம் பக்கமாகத் தந்துவருகிறது. 1838இல் தொடங்கிய 'தி எரா' வார இதழ் ஊர் ஊராக நடந்த காட்சிகளைப் பற்றி வெளியிட்ட குறிப்புகளை அதில் தேடி வாசிக்கலாம். பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை: யார் எந்த வேடம், அரங்கம் நிரம்பியதா, அவ்வளவுதான். ஆனால் நடுநடுவே, வெளியூர் அரங்கமொன்றில் ஒரு துணை நடிகை ஒரு வரியை எப்படித் திருப்பிச் சொன்னாள் என்று பெயர் தெரியாத ஒருவர் நின்று குறித்திருப்பார். லண்டனுக்கு வெளியே இந்தக் கவனம் எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்பதற்கு 'மான்செஸ்டர் கார்டியன்' சான்று: டபிள்யூ. டி. ஆர்னல்ட், சி. ஈ. மாண்டேக், ஆலிவர் எல்டன் முதலியோர் அந்த நாளிதழுக்கு இரவோடிரவாக எழுதிக்கொடுத்த விமர்சனங்கள் 1900இல் 'தி மான்செஸ்டர் ஸ்டேஜ்' என்ற நூலாயின. லீட்ஸ், லிவர்பூல், கிளாஸ்கோ, டப்ளின் நாளிதழ்களுக்கு அப்படியொரு தொகுப்பு வரவில்லை. அங்கே எழுதியவர்களின் பெயர்கள் அனேகமாக இனியும் கிடைக்காமலே போகலாம். அவர்கள் பார்த்தது அச்சில் இருக்கிறது, வாசிக்கக் கிடைக்கிறது.